மர்டரும் ஹோமிசைடும்

ஒருவரை அடித்துச் சாகடித்தால் தமிழ்ப் பேச்சில் அது கொலை. ஆங்கிலச் சட்டநூலோ இரண்டு சொற்களை நீட்டுகிறது: 'மர்டர்', 'கல்பபிள் ஹோமிசைட்'. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கூண்டில் நிற்பவனுக்கு அப்படியல்ல. மர்டருக்குத் தூக்கு அல்லது ஆயுள். மர்டர் ஆகாத ஹோமிசைடுக்குத் தூக்கே கிடையாது.

வெறும் ஹோமிசைட் என்றால் மனிதனை மனிதன் கொல்வது, அவ்வளவே. தற்காப்புக்காகக் கொன்றாலும் ஹோமிசைட்தான். குற்றம் சேர்ந்தால் 'கல்பபிள்'. அதிலும் கொடியது மர்டர்.

இந்தியச் சட்டத்தில் இந்த ஜோடி சேர்ந்தது கொல்கத்தாவில். மெக்காலே தலைமையிலான சட்ட கமிஷன் அங்கே தயாரித்து 1837இல் தந்த வரைவில் கல்பபிள் ஹோமிசைட் இடம்பெற்றது. ஸ்காட்லாந்துச் சட்டத்திலும் வழங்கும் சொல் அது. வரைவு சட்டமாக 1860 ஆயிற்று. மெக்காலே அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். இங்கிலாந்தின் 'மேன்ஸ்லாட்டர்' சட்டத்தில் இடம்பெறவில்லை.

சாவு நேரக்கூடிய காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால் ஹோமிசைட்; இயல்பான போக்கில் சாவுக்கே போதுமான காயம் என்றால் மர்டர். 'கூடிய', 'போதுமான' - இவ்வளவுதான் இடைவெளி. (திடீர் ஆத்திரம், திடீர்ச் சண்டை போன்ற விதிவிலக்குகள் தனி.) பின்னாளில் கல்கத்தாவில் சட்ட உறுப்பினராக இருந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபனே, சட்டத்தின் மிக பலவீனமான பகுதி இதுதான் என்று குறைப்பட்டார். நியாயமான குறைதான்.

பம்பாயில் 1876இல் வந்த கோவிந்தா வழக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். 18 வயதுக் கணவன், 15 வயது மனைவி. கீழே தள்ளி, மார்பில் ஒரு முழங்காலை வைத்து, முகத்தில் இரண்டு மூன்று குத்து. மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்தாள். நீதிபதிகள் இருவர் கருத்து வேறுபட, மூன்றாமவரான மெல்வில் முடிவு சொன்னார்: கொல்லும் எண்ணமில்லை, வெறுங்கைக் குத்து இயல்பாகச் சாவுக்குப் போதுமானதும் அல்ல. கோவிந்தாவுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். பதினைந்து வயதுப் பெண்ணின் மார்பில் முழங்காலை வைத்த பிறகு எந்தக் குத்துதான் போதாது என்ற கேள்வி எழாமலில்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. 299, 300 பிரிவுகள் 100, 101 ஆகிவிட்டன; கொலைத் தண்டனைக்கான 302, 103 ஆகிவிட்டது. 'கூடிய'வும் 'போதுமான'வும் அப்படியே இருக்கின்றன.