கொழும்பிலிருந்து வரும் ‘தரம்’: திருமலைப் புடவைக்கடைகளுக்கு முன்னால் ஒரு கேள்வி

திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் இறங்குகின்றன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெயர் பெற்றிருந்தும், இந்நகரின் புடவைக்கடைகளுக்கான சரக்கு பெரும்பாலும் கொழும்பிலிருந்து தரைவழியாகவே வருகிறது. எது தரம், எது நாகரிகம் என்ற அளவுகோலும் அதே வழியில்தான் வருகிறது.

அந்த அளவுகோலை உருவாக்கியதில் ஒடெல் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. 1980களின் இறுதியில் ஒட்டாரா குணவர்தன ஏற்றுமதி மிகுதி ஆடைகளைக் காரில் வைத்து விற்றதே அதன் தொடக்கம். பின்னர் கொழும்பு அலெக்சாண்ட்ரா பிளேஸில் பெரிய அங்காடி எழுந்தது. 2014இல் சொஃப்ட்லொஜிக் குழுமம் அதை வாங்கியது. தொழிற்சாலை மிகுதியாக இருந்த ஆடை ‘உயர்தரம்’ ஆனதற்குத் துணி மட்டும் காரணமல்ல. குளிரூட்டல், வெளிச்சம், பெயர் பொறித்த பை, பக்கத்தில் அடுக்கிய வெளிநாட்டு வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்தே அந்த மதிப்பை உண்டாக்கின. இத்தகைய அங்காடிகளில் ஆடம்பரம் பார்வைக்கு. நடுத்தர விலைப் பொருள்தான் விற்பனைக்கு. விலையுயர்ந்த கடிகாரத்தை வாங்குவோர் சிலரே. ஆனால் அதன் மினுக்கம் பக்கத்திலிருக்கும் சேர்ட்டின் விலையையும் நியாயப்படுத்திவிடும்.

கார்கில்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. 1844இல் தொடங்கி, கொழும்புக் கோட்டையின் சிவப்புக் கட்டடத்தில் வசதி படைத்தோரின் கடையாக விளங்கிய அது, 1983இல் ‘பூட் சிற்றி’யுடன் சாதாரண குடும்பங்களை நோக்கித் திரும்பியது. 2013இல் யாழ்ப்பாணத்தில் திரையரங்குகளுடன் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டபோது, அந்தக் கட்டடமே போருக்குப் பிந்திய ‘இயல்புநிலை’யின் அடையாளமாகவும் பார்க்கப்பட்டது.

நமக்கு முக்கியமானது இந்த இடம்தான். போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல்நகர் போன்ற இடங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. நம் பெண்கள் தைக்கும் ஆடை வெளிநாட்டுப் பெயரோடு கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும்போது, அதை வாங்க அவர்களின் சம்பளம் போதுவதில்லை. ஊர்ப் புடவைக்கடைக்காரரோ ஆளை அறிவார். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கொப்பியில் எழுதிக் கடன் கொடுப்பார். பெரிய அங்காடி வங்கி அட்டையை மட்டுமே அறியும்.

பெரிய கடைகள் வரவேண்டாம் என்பதல்ல வாதம். அடுத்த கண்ணாடிக் கட்டடம் திருமலையில் எழும்போது அதை அபிவிருத்தி என்று கைதட்டுமுன் சிலவற்றைக் கேட்போம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை? மாவட்டத்து உற்பத்திக்கு எத்தனை தட்டுகள்? தவணைக்கு என்ன வட்டி? விலைச்சீட்டைப் பார்க்குமுன் தையலைப் பார்ப்பது நம் அம்மாமாரின் வழக்கம். கட்டடத்துக்கும் அதுவே பொருந்தும்.