வீட்டுக்கொரு கணனி: எந்தக் கதவை முதலில் தட்டும்?



சில கிழமைகளுக்கு முன் ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். "அண்ணா, பக்கத்து வீட்டு யேர்மன் அம்மா தந்த பழைய கணனி காலையில் இருந்து எழும்புதில்லை. கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து மட்டும் நிற்குது. ஒரு கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். டிஸ்க் பழுதாக இருக்கும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேணும், நூறு யூரோவுக்கு மேலே போகும் என்கிறார்கள். மகன் தொழிற்பயிற்சிக்கு எழுதின விண்ணப்பம் அதுக்குள்ளேதான். ஊரில் அப்பா இருந்தபோது எடுத்த படங்களும் அதுக்குள்ளேதான்."

"அந்த வெள்ளை எழுத்தை ஒரு தாளில் பார்த்து எழுதி எனக்கு வாசியுங்கோ, தங்கச்சி" என்றேன். ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். 'டிஸ்க்குகளையும் செருகியிருப்பவற்றையும் அகற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்துக' என்பதுதான் அதன் பொருள். "கணனியில் ஏதாவது செருகி இருக்கா?" "மகன் பள்ளிக்கூடத்தால் கொண்டு வந்த யூ.எஸ்.பி. ஸ்ரிக்..." கழற்றச் சொன்னேன். கணனி எழும்பியது. ஒரு சதமும் செலவில்லை. அழித்திருந்தால் அந்தப் படங்களுக்கு எங்கே போவது?

ஏன் இப்படி நடக்கிறது? கணனியை முடுக்கியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. தாய்ப்பலகையில் உள்ள 'பயோஸ்' என்ற சிறு நிரல்தான். அது நினைவகம், விசைப்பலகை போன்றவற்றைச் சோதித்துவிட்டு, தன்னிடமுள்ள பட்டியலின்படி ஒவ்வொரு கதவாகத் தட்டும். சீ.டி. இருக்கிறதா? ஸ்ரிக் இருக்கிறதா? ஹாட் டிஸ்க் இருக்கிறதா? இந்தப் பட்டியல்தான் 'பூட்' வரிசை. ஸ்ரிக் முதலிடத்தில் இருந்து, அதில் படங்கள் மட்டும் இருந்தால், பல பழைய கணனிகள் அந்த வாசலிலேயே நின்றுவிடும். ஹாட் டிஸ்க்கைத் தேடிப் போகாது.

வரிசையை மாற்றும் முறை இதுதான்:

1. கணனியை முழுதாக நிறுத்தி மீண்டும் முடுக்குங்கள். உடனேயே பயோஸ் விசையை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருங்கள். பல பழைய கணனிகளில் அது அழிக்கும் விசை. யேர்மன் விசைப்பலகையில் 'என்ட்ஃபேர்னன்' என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் அதில் இருக்கும். டெல், ஃபுயிற்சு ஆகியவற்றில் எஃப் 2, எச்.பி.யில் எஃப் 10.

2. நீலமோ சாம்பலோ நிறத்தில் ஒரு திரை வரும். அங்கே மவுஸ் வேலை செய்யாமல் இருக்கலாம். அம்பு விசைகளால் 'பூட்' என்ற பகுதிக்குப் போங்கள்.

3. ஹாட் டிஸ்க்கை முதலிடத்துக்குக் கொண்டு வாருங்கள். சிலவற்றில் கூட்டல், கழித்தல் விசைகள். சிலவற்றில் பக்கம் மேலே, பக்கம் கீழே விசைகள். எது என்பது திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும்.

4. எஃப் 10ஐ அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள்.

இங்கேதான் யேர்மனியில் பலர் மாட்டுப்படுகிறார்கள். 'சேமிக்கவா?' என்று கேட்டு, ஆம் என்பதற்கு 'வை' எழுத்தை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பழைய பயோஸ்களுக்கு யேர்மன் விசைப்பலகை தெரியாது. எல்லாவற்றையும் அமெரிக்க விசைப்பலகை என்றே நினைக்கும். இரண்டிலும் 'வை'யும் 'இசட்'டும் இடம் மாறியிருப்பதால், நீங்கள் 'இசட்'டை அழுத்த வேண்டும். இதை இந்தப் பக்கத்தில் கோடிட்டு வையுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். தொடங்குமுன் பழைய வரிசையைத் தாளில் எழுதுங்கள் அல்லது கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பூட் வரிசையைத் தவிர வேறொன்றையும் தொடாதீர்கள். முக்கியமாக டிஸ்க் இணைப்பு முறையை மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். கடவுச்சொல் போடும் இடத்தில் விளையாட வேண்டாம். பிழை விட்டதாகத் தோன்றினால், சேமிக்காமல் வெளியேறினால் போதும், பழையபடியே இருக்கும்.

மாற்றிய வரிசை பழையபடி போகிறதா? கணனியின் மணிக்கூடும் பிழையான திகதி காட்டுகிறதா? அப்படியென்றால் தாய்ப்பலகையில் உள்ள காசு போன்ற வட்டப் பற்றறி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது 3 வோல்ற், சி.ஆர். 2032 வகை. சுப்பர் மார்க்கெற்றிலும் கிடைக்கும். மின்வடத்தைக் கழற்றிய பின்பே பெட்டியைத் திறவுங்கள்.

ஸ்ரிக்கை முதலில் வைக்க வேண்டிய வேளையும் உண்டு. 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்ததால், பழைய கணனிகளில் பலர் லினக்ஸ் போடுகிறார்கள். இதற்கு நிரந்தரமாக வரிசையை மாற்றத் தேவையில்லை. முடுக்கும்போது டெல், லெனோவோ, ஃபுயிற்சு ஆகியவற்றில் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9 அழுத்தினால், அந்த ஒரு தடவைக்கு மட்டும் எந்தக் கதவு என்று கேட்கும். கிளவுஸ் க்னொப்பர் என்ற யேர்மன் பொறியியலாளர் 2000இல் வெளியிட்ட 'க்னொப்பிக்ஸ்' இப்படித்தான் ஹாட் டிஸ்க்கைத் தொடாமல் சீ.டி.யில் இருந்தே ஓடியது. விண்டோஸ் எழும்பாத கணனியில் இருந்தும் படங்களை மீட்டெடுக்க இவ்வகை லினக்ஸ் உதவும்.

தனியே செய்யப் பயமாக இருந்தால் உங்கள் நகரத்து 'றிப்பெயர் கபே'யை விசாரியுங்கள். 2009இல் அம்ஸ்ரடாமில் தொடங்கிய இந்த முயற்சி யேர்மனியிலும் பல ஊர்களில் நடக்கிறது. தொண்டர்கள் உங்களோடு இருந்து திருத்தித் தருவார்கள். டொச் போதாது என்று வெட்கப்படாதீர்கள். திரையில் வந்ததை எழுதிக் கொண்டு போனால் போதும்.

அந்தச் சகோதரி அன்று மாலையே அப்பாவின் படங்களை இன்னொரு ஸ்ரிக்கில் பிரதி எடுத்து வைத்துவிட்டாராம். நீங்களும் இன்றைக்கே செய்யுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.