பாலைவனத்தில் ஒரு ராத்திரி... கிளம்பும் முன் கவனிங்க சபுராளிகளே!

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் மீமிசல், கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கத்து வீடுகளில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மணல் நிறத்துக்கு மாறிவிடும். மணல்மேட்டில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி, பக்கத்தில் டென்ட், கரி அடுப்பில் கோழி. பிழைப்புக்காக வளைகுடா போன சபுராளிகளுக்கு வார விடுமுறையில் கிடைக்கும் சின்ன சந்தோஷம் இது. வெயில் காலத்தில் 45 டிகிரியைத் தாண்டிச் சுடும் பாலைவனம், குளிர்கால இரவில் ஸ்வெட்டர் கேட்கும். குவைத், கத்தாரில் இதற்கென்றே கேம்பிங் சீசன் உண்டு.

சந்தோஷம் சரி. ஆனால், பாலைவனம் விளையாட்டு மைதானம் இல்லை. சவுதி, ஓமன், அமீரகம், ஏமன் என நான்கு நாடுகளில் விரிந்திருக்கும் 'ரூப் அல் காலி' பாலைவனத்தின் பரப்பு சுமார் 6.5 லட்சம் சதுர கி.மீ. அதாவது, ஐந்து தமிழ்நாடு! அங்கே வழிதவறினால் விசாரிக்க ஒரு டீக்கடைகூட இருக்காது.

டயரில்தான் இருக்கு சூட்சுமம்

ஈ.சி.ஆரில் ஓட்டுவதுபோல மணலில் ஓட்ட முடியாது. சாலையில் 35 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும் டயர் காற்றை, மணலில் இறங்கும் முன் 15 முதல் 18 வரை குறைப்பார்கள். காற்று குறைந்ததும் டயர் நீளவாக்கில் படிந்து, எடையைப் பரப்பிவிடும். வண்டி மணலைத் தோண்டாமல் மேலேயே மிதந்து போகும். ரொம்பவும் குறைத்துவிட்டால், திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. திரும்பி தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று அடித்தாக வேண்டும். எனவே, கையோடு ஒரு கம்ப்ரஸர் அவசியம்.

மணல்மேட்டில் நேராக ஏற வேண்டும், நேராக இறங்க வேண்டும். பக்கவாட்டில் சரிந்து போனால் வண்டி உருண்டுவிடும். சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது. மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகத்தான் போகும். இறங்கி, சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலை அள்ளிவிட்டு, காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து மெதுவாக எடுக்க வேண்டும். கயிறு கட்டி இழுக்க இன்னொரு வண்டி வேண்டும் என்பதால்தான், ஒற்றை வண்டியில் போகவே கூடாது என்கிறார்கள் அனுபவசாலிகள்.

டென்ட்டுக்குள் கரி அடுப்பா? வேண்டவே வேண்டாம்!

குளிருக்குப் பயந்து, எரிந்து முடிந்த கரியை டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே உலை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கண்ணாடியை ஏற்றிய வண்டிக்குள்ளும் இதே கதிதான்.

மழை அறிவிப்பு இருந்தால் 'வாதி' எனப்படும் வறண்ட ஓடைகளில் கூடாரம் போடாதீர்கள். 2024 ஏப்ரல் 16-ல் அமீரகத்தில் 24 மணி நேரத்துக்குள் ஓரிடத்தில் 254.8 மி.மீ. மழை கொட்டியது. வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை விட்டால் அங்கே 2,000 திர்ஹாம் அபராதம், 23 கரும்புள்ளிகள், 60 நாள் வண்டி பறிமுதல்!

விறகுக்காக மரத்தில் கை வைக்க வேண்டாம். அங்கே 'காஃப்' என்று போற்றிப் பாதுகாக்கும் மரம் வேறெதுவும் இல்லை, விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கும் நம்ம வன்னி மரம்தான்.

வீட்டுக்கு ஒரு மெசேஜ்

வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்கக் கூடாது. தேடி வருபவர்கள் கண்ணில் மனிதரைவிட வண்டிதான் சீக்கிரம் படும். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு நாளுக்கான உபரியும் இருக்கட்டும்.

மணலுக்கு நடுவே சிக்னல் கிடைக்காது. இரவெல்லாம் போன் 'நாட் ரீச்சபிள்' என்றால், மீமிசலில் இருக்கும் அம்மாவோ மனைவியோ என்ன செய்ய முடியும்? இங்கிருந்து அந்த நாட்டு போலீஸை 999 என்று அழுத்திக் கூப்பிட முடியாது. அதனால், எந்த இடம், எத்தனை வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற மூன்றையும், அதே ஊரில் தங்கியிருக்கும் நண்பர் ஒருவருக்கு லொக்கேஷனோடு அனுப்புங்கள். அவருடைய நம்பரை வீட்டுக்கு அனுப்புங்கள். சொன்ன நேரம் தாண்டினால் அமீரகம், கத்தாரில் 999, குவைத்தில் 112, ஓமனில் 9999 எண்ணுக்கு அவர் உடனே தகவல் சொல்லிவிடலாம்.

இதற்கு ஆகும் நேரம் இரண்டே நிமிடம். ஊரில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்க அது போதும்!