ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் ஒரு கல்விக்கூடமே

வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளோடு தாயகம் திரும்புவோர் நம் மாவட்டத்தில் பலர். குளச்சல், திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டினம் போன்ற ஊர்களில் அத்தகையோர் இல்லாத தெருக்கள் அரிது. அவர்களுள் அங்கு வாகனம் ஓட்டிப் பழுத்த அனுபவம் உடையோரும் உளர். இனி என்ன தொழில் தொடங்குவது என்னும் அவர்தம் வினாவுக்கு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைத் தக்க விடையாக நாம் முன்வைக்கின்றோம். ஆனால் அஃது உரிமம் பெற்றுத் தரும் கடையாக அன்றிக் கல்விக்கூடமாகவே அமைதல் வேண்டும்.

இது நம் விருப்பம் மட்டுமன்று. சட்டத்தின் நோக்கமும் அதுவே. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பயிற்றுநர் பத்தாம் வகுப்பில் தேறியவராகவும், ஐந்தாண்டு வாகனம் ஓட்டிய அனுபவமும் மோட்டார் இயந்திரவியல் சான்றிதழும் உடையவராகவும் இருத்தல் வேண்டும். பள்ளியில் கரும்பலகையும் சாலைக் குறியீட்டுப் படங்களும் வேண்டும். கார் பயிற்சிக்கு 21 நாள்கள். அவற்றுள் மாணவர் தாமே ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையலாகாது. பயிற்சிக் காரில் இரட்டைக் கட்டுப்பாட்டு வசதியும் இன்றியமையாதது. இவற்றையெல்லாம் சுருக்கி, தேர்வு நாளில் 'எட்டு' போட மட்டும் பழக்கி அனுப்பினால் வருவாய் விரைந்து வரலாம். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வளைவுகளில் அதற்கு விலை கொடுப்பவரோ வழியே செல்லும் ஏதுமறியாத ஒருவர்!

நேர்மையாகக் கற்பித்தால் தொழில் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். பெண் பயிற்றுநர் ஒருவர் அமையின், இதுவரை தயங்கி நின்ற மகளிர் வருவர். மனநிறைவோடு கற்றவர் தம் உறவினரையும் அழைத்து வருவர். 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநர் பணியேற்று, ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று போற்றப்பட்ட வசந்தகுமாரி அம்மையார் நம் மாவட்டத்தவரே. ஓய்வுக்குப்பின் மகளிர்க்கென ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தொடங்க வேண்டும் என்பது அவர் வெளியிட்ட விருப்பம். சவூதி அரேபியாவிலும், 2018 ஜூன் 24 முதல் மகளிர் வாகனம் ஓட்டும் உரிமை பெற்றனர். அவர்களுக்கான பயிற்சிப் பள்ளி ரியாதில் இளவரசி நூரா பல்கலைக்கழக வளாகத்திலேயே அமைந்தது. ஓட்டுநர் பயிற்சியும் கல்வியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பயிற்றுநர் ஆதற்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்பதை மறத்தலாகாது. இன்று கற்கத் தொடங்கும் மாணவியே சில ஆண்டுகள் கழித்துப் பிறர்க்குக் கற்பிக்க இயலும். ஆதலின், பொருள் உடையோர் பள்ளி தொடங்குக. சமுதாயப் பெரியோர் தம் இல்லத்துப் பெண்களை முதல் மாணவியராய் அனுப்புக. காலம் தாழ்த்தாது செய்க என்பதே நம் வேண்டுகோள்.