‘பெயர் தெரியாத நபர்கள்’: செயலுக்குத் தண்டனையா, வாழ்க்கைக்கா?

இங்கிலாந்தின் மேற்கு மிட்லாண்ட்ஸில் இரவு நேரச் சாலைகளில் கார்களைக் கூட்டிப் பந்தயம் விடுவதும் வித்தை காட்டுவதும் பல ஆண்டுத் தொல்லை. 2022 நவம்பரில் ஓல்ட்பரியில் அப்படியொரு கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இளையோர் இருவர் கார் மோதி இறந்தனர்.

வுல்வர்ஹாம்ப்டன், டட்லி, சாண்ட்வெல், வால்சால் ஆகிய நான்கு உள்ளாட்சி மன்றங்களும் நீதிமன்றம் சென்று இதற்குத் தடையாணை வாங்கியிருக்கின்றன. மீறுவோரைப் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். குற்றம் நீதிமன்ற அவமதிப்பு. உச்சத் தண்டனை 2 ஆண்டு சிறை. ஜூரி கிடையாது, நீதிபதி மட்டுமே. ஆனால் ஐயத்திற்கு இடமின்றி நிரூபித்தாக வேண்டும். இந்தத் தண்டனையை நான் எதிர்க்கவில்லை. இரவெல்லாம் எஞ்சின் அலறலில் தூக்கம் தொலைத்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் உழைக்கும் மக்கள்தான்.

என் கவலை வேறு. இத்தகைய ஆணைகளின் எதிர்மனுதாரர் பட்டியலில் ‘பெயர் தெரியாத நபர்கள்’ என்றிருக்கும். நாளை அந்தச் சாலைக்கு வரப்போகிற, வழக்கு நடந்ததே தெரியாத ஒருவரையும் ஆணை கட்டுப்படுத்தும். இந்த ஆயுதம் அண்மையில் பெருமளவில் பாய்ந்தது யார் மீது? ஊர் ஊராக வண்டிகளில் வாழும் ஜிப்சி, டிராவலர் மக்கள் மீது. 2015 முதல் 2020 வரை முப்பதுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள், அவர்கள் தங்கள் நிலங்களில் வண்டி நிறுத்தக்கூடாது என்று தடையாணை வாங்கின. எதிர்த்து நடந்த வழக்கில் 2023 நவம்பர் 29 அன்று பிரிட்டன் உச்சநீதிமன்றம், இப்படி ஆணையிட நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. கூடவே நிபந்தனைகளும் விதித்தது: கட்டாயத் தேவை நிரூபிக்கப்பட வேண்டும், காலமும் இடமும் வரையறுக்கப்பட வேண்டும், பாதிக்கப்படுவோர் வந்து முறையிட வழி வேண்டும். 2024 பிப்ரவரியில் கார் கூட்டங்களுக்கு எதிரான இறுதி ஆணை வந்தபோது, இதற்கான சட்ட அடித்தளம் அந்தத் தீர்ப்பில்தான் இருந்தது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? பந்தயக்காரர் தடை வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். டிராவலர் குடும்பத்துக்கு வண்டிதான் வீடு. அனுமதி பெற்ற தங்குமிடங்களைப் போதிய அளவில் உருவாக்காத மன்றம், இருக்கிற இடத்திலும் நிற்காதே என்று ஆணை வாங்கினால் தடுக்கப்படுவது அவர்களின் வாழ்க்கையே. அதை மீறினாலும் அதே அவமதிப்பு, அதே சிறை.

நமக்கு இது புதிதல்ல. 1871இல் இதே பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப்பழங்குடிகள் சட்டம், ஒருவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை, எந்தக் கூட்டத்தில் பிறந்தார் என்று கேட்டது. நம் ஊர்களில் அது ‘ரேகைச் சட்டம்’. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். ‘தீண்டப்படாதோர்’ நூலின் முன்னுரையில் அண்ணல் அம்பேத்கர் குற்றப்பழங்குடிகளையும் தீண்டப்படாதோரையும் அடுத்தடுத்து வைத்தே பேசினார். சட்டத்தின் பெயரால் ஒரு மக்களைப் பிறப்பிலேயே சந்தேகிக்கும் புத்தி சாதியின் புத்திதான்.

ஆகவே, ‘பொது அமைதி’க்காக ஒரு தடையாணை வந்ததும் கைதட்டுவதற்கு முன் இரண்டைக் கேட்போம். தடுக்கப்படுவது ஒரு செயலா, ஒரு மக்களின் இருப்பா? தடுக்கப்பட்டவர் போக வேறு இடம் இருக்கிறதா? ஓல்ட்பரியின் சாலைக்கு இதற்கு நேர்மையான பதில் உண்டு. டிராவலர் குடும்பங்களை விரட்டும் மன்றங்களிடம் அது இல்லை.