எண்டோஸ்கோப்பி: தள்ளிப்போடாதீங்க, தயாராகிப் போங்க!

“டியூப் விட்டுப் பார்க்கணும்” என்று டாக்டர் சொன்னதும், அந்தப் பக்கமே போகாமல் மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறைய பேர். எரிச்சல் அடங்கும், காரணம் அடங்காது.

வயிற்றுப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். டென்ஷனும் காரமும்தான் காரணம் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல், 1984-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்து, எண்டோஸ்கோப்பி மூலம் தன் வயிற்றில் அழற்சி வந்ததைக் காட்டினார். ராபின் வாரனுடன் சேர்ந்து 2005-ல் நோபல் பரிசும் பெற்றார். இந்தக் கிருமியை கேஸ் மாத்திரை மட்டும் ஒழிக்காது, ஆன்டிபயாடிக் வேண்டும்.

எல்லா நெஞ்செரிச்சலுக்கும் இந்த டெஸ்ட் தேவையில்லை. ஆனால் விழுங்கும்போது அடைப்பது, காரணமின்றி எடை குறைவது, தார் போலக் கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை, விடாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

எப்படித் தயாராவது?

பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. பால் சேர்த்த டீ, காபியும் கூடாது. தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் உணவு இருந்தால் எதுவும் சரியாகத் தெரியாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு.

சுகர் மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, எடை குறைப்பு ஊசி, அலர்ஜி என எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீங்க.

உள்ளே என்ன நடக்கும்?

தொண்டையை மரத்துப்போகச் செய்ய ஸ்பிரே அடிப்பார்கள். தேவைப்பட்டால் மயக்க ஊசி. இடதுபக்கம் படுக்கவைத்து, கேமரா பொருத்திய மெல்லிய டியூபை உணவுக்குழாய் வழியாக இறக்குவார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போகாது; தாராளமாக மூச்சு விடலாம். குமட்டும், வயிறு உப்பும். பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். சதைத் துணுக்கு எடுத்தால் உடனே கேன்சர் என்று பதற வேண்டாம். கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் எடுப்பார்கள்.

முடிந்த பிறகு?

தொண்டை மரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது. மயக்க ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது; கூட ஒருவர் வேண்டும். கடும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

இதையெல்லாம் நோயாளிக்குப் புரியும்படி முன்கூட்டியே விளக்குவது மருத்துவமனையின் கடமை. சொல்லவில்லையா? கையெழுத்துப் போடும் முன் தயங்காமல் கேளுங்க.