சர்வர் ஸ்லோவாம்... பெரிய பொட்டி வாங்கணுமாம்!

காலை மணி 10.55. குரும்பகரத்தில் ஒருவர் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். நாளை ராத்திரி காரைக்காலில் வண்டி ஏறினால்தான் மறுநாள் சென்னையில் இண்டர்வியூவுக்குப் போய் நிற்க முடியும். 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கிறது. பெயர், வயது எல்லாம் தட்டியாயிற்று. திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நின்று பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட். பக்கத்தில் இருந்தவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சர்வர் ஸ்லோப்பா. பெருசா ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதானே?"

அவர் சொன்னால் மன்னித்துவிடலாம். டேட்டாபேஸ் பேப்பரில் பாஸ் செய்து, சான்றிதழும் வாங்கி, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள் மக்களே! "ரேம் எவ்வளவு போடலாம்?", "பஃபர் பூல் எத்தனை ஜிபி?", "எல்லா காலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாமா?" சர்வர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நோயாளியைப் பார்க்காமலே மாத்திரை கேட்கிற கதை. அதைவிடக் கொடுமை, பார்க்காமலே மாத்திரை கொடுக்கவும் பத்துப் பேர் ரெடியாக இருப்பது.

இந்த மாத்திரைகளில் ரொம்பப் பிரபலமானது மை-எஸ்க்யூஎல்லின் க்வெரி கேஷ். "அதைக் கூட்டு, பறக்கும்" என்று ஆளாளுக்கு ஜல்லியடித்த காலம் உண்டு. ஒரு டேபிளில் ஒரே ஒரு வரி மாறினாலும், அந்த டேபிளைத் தொட்ட அத்தனை கேஷும் குப்பைக்குப் போகும். கேஷைக் காக்கும் பூட்டும் ஒன்றே ஒன்றுதான். ப்ராசஸர் கோர் எத்தனை இருந்தாலும் அதன் முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எழுதும் வேலை அதிகமுள்ள சர்வரில் கேஷைக் கூட்டக் கூட்ட வேகம் குறைந்தது. 2018-ல் வந்த 8.0 பதிப்பில் அதைத் தூக்கியே போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் பழைய குறிப்பைப் பார்த்து அந்த வரியைக் கான்ஃபிக் ஃபைலில் ஒட்டுபவருக்கு என்ன கிடைக்கும்? சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. (வேகப் பிரச்சினை தீர்ந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம் :-))

இண்டெக்ஸ் கதையும் இப்படித்தான். ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒரு சுமை. ஒரு வரி புதிதாக நுழையும்போது அத்தனை இண்டெக்ஸிலும் எழுதியாக வேண்டும். சரி, சுமந்தாவது பயன் உண்டா? வருகைப் பதிவு டேபிளில் தேதிக்கு இண்டெக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். க்வெரியில் அந்தத் தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, வருஷத்தை மட்டும் பிரித்தெடுத்து 2024-ஆ என்று கேட்டால், அந்த இண்டெக்ஸ் சும்மா தூங்கும். சர்வர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும். 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று கேட்டிருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். இதற்கு ரேம் என்ன செய்யும் பாவம்!

இன்னொன்று, கல்லூரி ப்ராஜெக்ட்டுகளில் தினமும் நடக்கும் கூத்து. அறுபது மாணவர் பட்டியலைக் காட்ட, பட்டியலுக்கு ஒரு க்வெரி, பிறகு ஆளுக்கு ஒரு க்வெரி, மொத்தம் அறுபத்தொன்று. ஒவ்வொன்றும் வேகமாகத்தான் ஓடும், பக்கம் மட்டும் ஊரும். வைவாவில் கேட்டால் "லேப் சிஸ்டம் ஸ்லோ சார்" என்பார்கள்.

சரி, அந்தத் தட்கலுக்கு வருவோம். பெரிய பொட்டியால் பயனே இல்லை என்று சொன்னால் அது பொய். 2014 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி புதிய அமைப்புக்கு மாறியபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது. 2025 மே 22-ஆம் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானதாக ரயில்வே சொன்னது. இத்தனை ஏறியும் குரும்பகரத்துக்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை?

விடை அடுத்த மாதமே ரயில்வே வாயிலிருந்து வந்தது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் நடக்கும் லாகின் முயற்சிகளில் பாதி வரை 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்களுடையதாம்! சுமார் இரண்டரைக் கோடி பயனர் ஐடிகளை முடக்கியதாகவும் அறிவித்தார்கள். அதாவது கூடுதல் வேகத்தில் பெரும்பங்கை மனிதரே அல்லாத கும்பல் தின்றிருக்கிறது. இது தெரிய வந்தது ரேம் எண்ணிப் பார்த்ததால் அல்ல. யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததால். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்தவருக்கு மட்டுமே இணையத்தில் தட்கல், முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்குக் கிடையாது என்ற விதி வந்தது. ஆதார் நிபந்தனை சரியா தப்பா என்று தனியே சண்டை போடலாம். ஆனால் அளந்து பார்த்த பிறகு வந்த முடிவு அது.

அதிலும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு வண்டியில் நூறு தட்கல் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு படுக்கையை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது என்றால் எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு கோளாறு அல்ல, டேட்டாபேஸின் கடமை. அதை "ஸ்லோ" என்று திட்டி பொட்டி மாற்றினால், நூறு படுக்கையும் இன்னும் சீக்கிரம் தீரும். அவ்வளவுதான்.

அளப்பதற்குக் காசு வேண்டுமா? வேண்டாம். மை-எஸ்க்யூஎல்லில் ஸ்லோ க்வெரி லாக் இருக்கிறது. ஆனால் சாதாரணமாக மூடியே கிடக்கும். திறந்தாலும் 10 விநாடி தாண்டிய க்வெரியைத்தான் பிடிக்கும். இரண்டு விநாடி எடுத்து ஆயிரம் தடவை ஓடுகிற திருட்டு க்வெரி மாட்டவே மாட்டாது. அந்த எண்ணைக் குறைத்து வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் எந்த க்வெரி மொத்தமாக எவ்வளவு நேரம் தின்றது என்று கூட்டியே காட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு. இரண்டிலும் எக்ஸ்ப்ளெய்ன் என்று ஒரு வார்த்தையை க்வெரிக்கு முன்னால் போட்டால், சர்வர் எந்த வழியாகப் போகப் போகிறது என்று தானே சொல்லும். அதைப் படிக்கப் பழக ஒரு சாயங்காலம் போதும். அந்த ஒரு சாயங்காலத்தைச் செலவழிக்காதவர்தான், லட்ச ரூபாய் மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு எச்ஓடி அறை வாசலில் நிற்கிறார்.

குரும்பகரத்துக்காரர் இதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பாமல் பஸ்ஸில் சீட் இருக்கிறதா என்று கேட்கக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்.